மொஹாவி பாலைவனத்தில் பைக் கிளப்பின் வார இறுதிக் கூடுகை: குடும்பத்தோடு போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உடன் பணிபுரிபவர், தம்முடைய மோட்டார் சைக்கிள் கிளப் மொஹாவி பாலைவனத்தின் ஜான்சன் பள்ளத்தாக்கில் நடத்தும் வார இறுதிப் பந்தயக் கூடுகைக்கு உங்களையும் மனைவியையும் எட்டு வயது மகனையும் அழைத்திருக்கிறார். உங்களுக்குப் போக ஆசை, வீட்டில் அச்சம். “பைக் கிளப் என்றாலே ரவுடிக் கும்பல்தானே, அங்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா?” என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த மனிதர்களை நம்பலாமா என்பது ஒன்று, அந்த இடத்தை நம்பலாமா என்பது மற்றொன்று. நீங்கள் முதலாவதைக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அதிகம் தேவைப்படுவது இரண்டாவதற்கான விடை. நான் சான் பெர்னார்டினோ கவுன்ட்டியில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவராகப் பணிபுரிகிறேன். இத்தகைய பாலைவனப் பந்தயங்களில் முதலுதவிக் கூடாரத்திலும் செக்பாயிண்டுகளிலும் பல ஆண்டுகளாகத் தொண்டராக இருந்து வருகிறேன். பைக் ஓட்டும் நுட்பத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அங்கே மனிதர்கள் எப்படிப் பாதுகாக்கப்படுகிறார்கள், எப்படி அடிபடுகிறார்கள் என்பதைப் பற்றிச் சொல்ல முடியும்.

உங்கள் வீட்டாரின் அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் நடந்த ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் குடித்துவிட்டுச் சிலர் செய்த கலாட்டா நாடு முழுவதும் செய்தியானது. அதற்கு அடுத்த ஆண்டில், நான் பணிபுரியும் இதே கவுன்ட்டியின் ஃபொன்டானா பகுதியில்தான் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சட்டத்தை மதிப்பவர்கள் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அப்போது அறிவித்ததாகவும், எஞ்சிய ஒரு சதவீதம் நாங்கள்தான் என்று சில கிளப்புகள் அதையே பெருமையாக அணிந்துகொண்டதாகவும் பலரும் சொல்வார்கள். கிளப்புகள் அந்த அடையாளத்தை அணிவது உறுதியான உண்மை. ஆனால் அப்படியோர் அறிவிப்பை வெளியிட்டதற்குத் தன்னிடம் பதிவே இல்லை என்று அந்தச் சங்கம் சொல்லியிருப்பதால், கதையின் முதற்பகுதியை ஐயத்துக்குரியதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பாலைவனப் பந்தயக் கிளப்புகள் இந்த மரபைச் சேர்ந்தவை அல்ல. அவை 1924-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் கீழ், தெற்குக் கலிஃபோர்னியாவுக்கான டிஸ்ட்ரிக்ட் 37 என்ற பிரிவில் பதிவு செய்துகொண்டு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு பந்தயங்களை முறைவைத்து நடத்துபவை. செக்கர்ஸ், வைக்கிங்ஸ், ஃபோர் ஏசஸ் போன்ற பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் மின்பணியாளர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தோல் அங்கியின் முதுகில் ரவுடிக் கிளப்புகளின் அடையாளமான மூன்று துண்டுச் சின்னம் தைத்தவர்களை அங்கே தேடினாலும் கிடைப்பது அரிது. நெஞ்சுக் கவசமும் முழங்கால் கவசமும் அணிந்து, தலை முதல் கால் வரை புழுதி படிந்தவர்களைத்தான் பார்ப்பீர்கள். உங்கள் நண்பரின் கிளப் எது என்று நீங்கள் குறிப்பிடாததால் அந்தக் குறிப்பிட்ட கிளப்புக்கு நான் உறுதி அளிக்க இயலாது. இந்த நிகழ்ச்சி டிஸ்ட்ரிக்ட் 37-இன் பந்தய அட்டவணையில் இருக்கிறதா, அரசின் அனுமதி பெற்றிருக்கிறதா என்ற இரண்டையும் அவரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், மனிதர்களைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். நிறத்தையும் மொழியையும் பற்றியும் உங்களுக்குத் தயக்கம் இருக்கக்கூடும். அரசியல் கொடிகள் பறக்கும் வண்டிகளும் முகாமில் இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் என் அனுபவத்தில், புதிதாக வந்த குடும்பத்தை நெருப்புக்கு அருகே நாற்காலி போட்டு உட்காரவைக்காத கூட்டத்தை நான் அங்கே கண்டதில்லை.

இனி அந்த இடத்தைப் பற்றி. ஜான்சன் பள்ளத்தாக்கு, லூசர்ன் வேலி என்ற ஊருக்குக் கிழக்கே, மத்திய அரசின் நிலநிர்வாக அமைப்பிடம் உள்ள திறந்த வெளி. 2013-இல் அதன் ஒரு பெரும் பகுதி ட்வென்டிநைன் பாம்ஸ் மரைன் படைத் தளத்தோடு சேர்க்கப்பட்டது; எஞ்சியதை மண்சாலை வாகனங்களுக்கான தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. சட்டப்படி முறையான இடம்தான். ஆனால் அங்கே நுழைவாயில் இல்லை, கடை இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை, மர நிழல் இல்லை. கைப்பேசிச் சமிக்ஞை பெரும்பாலான இடங்களில் கிடைக்காது. பந்தயம் நடத்துபவர்கள் தற்காலிகக் கழிப்பறைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

சனிக்கிழமை பெரும்பாலும் சிறுவர்களுக்கானது. ஐம்பது சி.சி. வண்டியில் தொடங்கி வயதுக்கும் வண்டிக்கும் ஏற்பச் சிறிய பந்தயங்கள் நடக்கும். முகாமுக்குள் பிள்ளைகள் சிறிய வண்டிகளில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். முகாமிலிருந்தோ மக்கள் கூட்டத்திலிருந்தோ 50 அடிக்குள் மணிக்கு 15 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது கலிஃபோர்னியச் சட்டம். பெரியவர்கள் அதைக் குரல் கொடுத்து நினைவூட்டிக்கொண்டே இருப்பார்கள். இரவில் நெருப்பு மூட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள், பீர் இருக்கும். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது நெடுஞ்சாலையில் எப்படிக் குற்றமோ அப்படியே பாலைவனத்திலும் குற்றம். காலையில் பந்தயம் ஓட்டப்போகிறவர்கள் சீக்கிரமே படுத்துவிடுவார்கள்.

ஞாயிறு காலை நடப்பதுதான் இந்தக் கூடுகையின் உயிர். ஹேர் அண்ட் ஹவுண்ட் என்ற இந்தப் பந்தயத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதில்லை. திறந்த வெளியில் நீண்ட ஒரே வரிசையாகத் தோளோடு தோள் நிற்கும். தூரத்தில் பெரிய துணிப்பதாகை ஒன்று உயர்த்தப்பட்டதும் எல்லாரும் இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். அந்த அமைதியில் காற்றின் ஓசை மட்டும் கேட்கும். பதாகை விழுந்ததும் வண்டிகள் ஒரே கணத்தில் உயிர்பெற்று, சில மைல் தொலைவில் உள்ள ஒரு குறியை நோக்கிப் பாயும். முற்காலத்தில் அங்கே பழைய டயர்களைக் கொளுத்திக் கரும்புகையைக் குறியாகக் காட்டினார்கள். அதனால் அந்த இடத்துக்கு ‘பாம்’ (குண்டு) என்ற பெயர் இன்றும் நிற்கிறது. அதைத் தாண்டிய பிறகு நாடாக்களும் சுண்ணாம்புப் பொடியால் இட்ட அம்புக்குறிகளும் வழிகாட்ட, பல பத்து மைல் நீளமுள்ள சுற்றுகளை முடித்து முகாமுக்குத் திரும்ப வேண்டும்.

பார்வையாளர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று இதன் அடியில் நடக்கிறது. ஓட்டுபவர் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. பாதையின் நடுவே உள்ள ஒவ்வொரு செக்பாயிண்டிலும் தொண்டர்கள் அவர் கடந்துபோனதைப் பதிவு செய்கிறார்கள். பாதியில் விட்டவர், வேறு வழியில் முகாமுக்கு வந்து சேர்ந்தாலும், தாம் வந்துவிட்டதை அமைப்பாளர்களிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால், இருட்டும்வரை நாலு பேர் அவரைத் தேடி அலைவார்கள். கடைசி ஆள் போன பிறகு, ‘ஸ்வீப்’ என்று அழைக்கப்படும் குழுவினர் முழுப் பாதையையும் ஓட்டி, யாரும் விழுந்து கிடக்கவில்லை என்று உறுதி செய்வார்கள். மாலையில் எண்கள் எல்லாம் கணக்கில் வரும்வரை கிளப்பினர் கூடாரத்தைப் பிரிப்பதில்லை. சுற்றுலா முடிந்து பேருந்து கிளம்பும்முன் ஆசிரியர் தலைகளை எண்ணுவதைப் போன்ற எளிய வேலைதான் இது. ஆனாலும் இவ்வளவு பெரிய வெளியில் இவ்வளவு வேகமாகப் போகிறவர்கள் உயிரோடு திரும்புவதற்கு, கவசத்துக்கு அடுத்தபடியாக இந்தக் கணக்கைத்தான் நான் காரணமாகச் சொல்வேன். எலும்பு முறிந்து ஓடைப்பள்ளத்தில் கிடப்பவரை அரை மணியில் கண்டுபிடிப்பதும் ஆறு மணி நேரம் கழித்துக் கண்டுபிடிப்பதும் மருத்துவத்தில் வேறு வேறு விளைவுகளைத் தருபவை.

உங்கள் குடும்பம் அந்தக் கணக்கில் இல்லை என்பதைத்தான் இந்தப் பதிலில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பந்தயத்தில் ஓடுபவரைக் காணவில்லை என்றால் அது உடனே தெரிந்துவிடும். விருந்தாளியின் மகன் பாறைக் குன்றுக்குப் பின்னால் போய் வழி தவறினால், நீங்களாகச் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. எனவே உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் பதிவுக் கூடாரத்துக்கு மூவரும் போய், நாங்கள் இன்னாரின் விருந்தினர், இந்த இடத்தில் தங்கியிருக்கிறோம் என்று சொல்லி வையுங்கள். அவர்கள் அதை வரவேற்பார்கள். முகாமின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒரு தாளில் எழுதி மகனின் சட்டைப்பையிலும் போடுங்கள். அவனுக்கு ஒரு விசில் கொடுத்து, வழி தெரியாவிட்டால் நடக்காமல் அதே இடத்தில் உட்கார்ந்து ஊதவேண்டும் என்று பழக்குங்கள். எந்தப் பாலைவனத்திலும் தேடுபவர்களுக்குப் பெரிய எதிரி, காணாமற்போனவர் தொடர்ந்து நடப்பதுதான். அந்தப் பக்கத்துக் குன்றுகளில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகளும் உண்டு. அவற்றின் அருகே எவரும் போகக் கூடாது.

எங்கே நின்று பார்ப்பது என்பதும் இதே அளவு முக்கியம். 2010 ஆகஸ்ட் 14 அன்று இதே ஜான்சன் பள்ளத்தாக்கில், இரவு கவியும் நேரத்தில், பந்தய டிரக் ஒன்று மேட்டைத் தாண்டிக் குதித்துக் கட்டுப்பாடு இழந்து கூட்டத்தின்மேல் புரண்டதில் 8 பார்வையாளர்கள் இறந்தார்கள். அது நான்கு சக்கர வண்டிகளின் பந்தயம், வேறு அமைப்பாளர்கள் நடத்தியது. மோட்டார் சைக்கிள் கிளப்புகளோடு அதற்குத் தொடர்பில்லை. என்றாலும் அன்று இறந்தவர்கள் நின்றது பாதையிலிருந்து சில அடி தூரத்தில். அதற்குப் பிறகுதான் அனுமதி விதிகள் கடுமையாயின. மோட்டார் சைக்கிள் இலகுவானதுதான், ஆனாலும் ஓட்டுபவரோடு சேர்த்தால் இருநூறு கிலோ வரை வரும். வளைவின் வெளிப்புறத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். மேட்டுக்கு அப்பால் இறங்கும் இடத்தில் நிற்காதீர்கள். படம் எடுப்பதற்காக நாடாவைத் தாண்டாதீர்கள். தொடக்கத்தைப் பார்ப்பதற்கு வரிசைக்குப் பின்னால், காற்று வரும் பக்கத்தில், சற்று உயரமான இடம் நல்லது. காற்று வீசிப்போகும் பக்கம் நின்றால் புழுதியைத் தவிர எதையும் பார்க்க முடியாது.

முதலுதவிக் கூடாரத்துக்கு வரும் ஓட்டுநர்களுக்குக் காறை எலும்பு முறிவும் மணிக்கட்டு முறிவும் அதிகம். கடுமையானவற்றை ஹெலிகாப்டரில் லோமா லிண்டா, கோல்டன் ஊர்களின் பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறோம். விருந்தாளிகளின் காயங்கள் வேறு வகை. அவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது குழந்தைகளின் உள்ளங்கால் தீக்காயம். இரவில் மூட்டிய நெருப்பைச் சிலர் மணலைப் போட்டு மூடிவிட்டு அணைந்ததாக நினைக்கிறார்கள். மணல் வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். மறுநாள் காலையில் மேலே சாம்பல்கூடத் தெரியாது, கீழே கங்கு உயிரோடு இருக்கும். வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை அதில் கால் வைக்கும். நெருப்பைத் தண்ணீர் ஊற்றிக் கிளறித்தான் அணைக்க வேண்டும்; மகன் எழுந்ததும் முதலில் காலணி போட வேண்டும். அதற்கு அடுத்தது, அப்போதுதான் வந்து நின்ற பைக்கின் புகைக்குழாயில் கெண்டைக்கால் படுவது. அரைக்கால் சட்டை வேண்டாம்.

இந்தப் பந்தயங்கள் கோடையில் நடப்பதில்லை. இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரைதான். ஆகவே நம்மவர்கள் பாலைவனம் என்றதும் வெப்பத்துக்கு ஆயத்தமாகி, குளிரில் மாட்டிக்கொள்கிறார்கள். ஜனவரி இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவது இயல்பு, காற்றும் சேர்ந்தால் கூடாரத்தில் தூங்க முடியாது. நல்ல உறக்கப் பைகளும் கம்பளித் தொப்பியும் வேண்டும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, ஒரு நாளைக்குரியதைக் கூடுதலாக வையுங்கள். உணவுக்குப் புளிச்சோறும் சப்பாத்தியும் எடுத்துச் சென்றால் இரண்டு நாள் தாங்கும். இறைச்சி உண்ணாதவர்களுக்கு முகாமில் கிடைப்பது குறைவு. குளிர்காலத்தில் பாம்புகள் பெரும்பாலும் வளைக்குள் இருக்கும், மார்ச்சுக்குப் பின் கவனம் தேவை. அங்குள்ள மொஹாவி விரியனின் நஞ்சு கடுமையானது; கடித்த இடத்தைக் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போவது ஒன்றே வழி.

அங்கே வண்டியைக் கிளப்பும்முன் எல்லாரும் குனிந்து அடியில் பார்ப்பதைக் காண்பீர்கள். நிழல் தேடி வண்டிக்கு அடியில் பாலைவன ஆமை படுத்திருக்கக்கூடும் என்பதற்காக. இந்த ஆமையின் வரலாறு கிளப்புகளின் வரலாற்றோடு பின்னியது. 1967-இல் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகாஸ் வரை ஒரு பந்தயம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒரே வரிசையில் நின்று புறப்படும் அளவுக்கு அது வளர்ந்தது. செடிகளுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த சேதத்தைக் கண்டு 1975-இல் அரசு அனுமதி மறுத்தது. நீண்ட வழக்காடல்களுக்குப் பிறகு 1983-இல் கட்டுப்பாடுகளோடு மீண்டும் நடந்தது. 1989 ஆகஸ்டில் ஆமை அவசரமாக அழிவுநிலை உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டோடு பந்தயம் நின்றுபோனது. மறு ஆண்டில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்ற நிரந்தரப் பாதுகாப்பும் ஆமைக்குக் கிடைத்தது. ஆமைகள் குறைந்ததற்குப் பந்தயங்கள் எவ்வளவு காரணம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு; சுவாச நோய், குட்டிகளைத் தின்னும் காகங்கள், நெடுஞ்சாலைகள், வீடுகள் என்று காரணங்கள் பல. மண்ணுக்கு நேரும் சேதத்தில் மட்டும் ஐயமில்லை: 1942 முதல் போர்ப்பயிற்சிக்காக இந்தப் பாலைவனத்தில் ஓடிய டாங்குகளின் தடங்கள் இன்றும் தெரிகின்றன. லூசர்ன் வேலிக்கு அருகே வேலியிட்டுக் காக்கப்படும் ஒரு கிரியோசோட் புதரின் வயது ஏறத்தாழ 11,700 ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த வரலாறு தெரிந்த கிளப்புகள், பந்தயம் முடிந்ததும் கட்டிய நாடா ஒவ்வொன்றையும் அவிழ்த்து எடுத்துச் செல்கின்றன. விருந்தாளியும் குறிக்கப்பட்ட தடத்தை விட்டு விலகிக் காரை ஓட்டக் கூடாது. ஆமையைக் கண்டால் மகனைத் தொடவிடாதீர்கள். அச்சத்தில் அது சிறுநீர்ப்பையில் சேர்த்துவைத்த நீரை வெளியேற்றிவிடும். அந்த நீரை நம்பித்தான் அது மழையில்லாத மாதங்களைக் கடக்கிறது.

மகனை ஒரு சிறிய வண்டியில் ஏற்றிப் பார்க்கலாம் என்று யாராவது அன்போடு அழைப்பார்கள். அளவான ஹெல்மெட், கண்ணாடி, கணுக்காலுக்கு மேல் வரும் காலணி, கையுறை ஆகியவை அவனுக்குச் சரியாகப் பொருந்தினால், திறந்த சமவெளியில், ஒரு பெரியவர் கூடவே ஓடிவரச் சம்மதியுங்கள். இரவல் ஹெல்மெட் தலையில் ஆடினால் மறுத்துவிடுங்கள். யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

கடைசியாக, புழுதியைப் பற்றி. தென்மேற்கு அமெரிக்க மண்ணில் வாழும் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சையின் நுண்விதைகளைச் சுவாசித்தால் ‘வேலி ஃபீவர்’ என்ற நுரையீரல் தொற்று வரலாம். மொஹாவியைவிட மத்தியக் கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் இது அதிகம். தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறிகுறியே தோன்றாது. தோன்றினாலும் பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் அது கடுமையாகக்கூடும். உங்கள் மூவரின் உடல்நிலை எனக்குத் தெரியாது. மகனுக்கு ஆஸ்துமா இருந்தாலோ உங்கள் மனைவி கருவுற்றிருந்தாலோ உங்கள் மருத்துவரிடம் பேசிய பிறகு முடிவு செய்யுங்கள். வண்டிகள் கிளம்பும் நேரத்தில் மூவரும் நல்ல முகக்கவசம் அணியுங்கள். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சல், இருமல், கடும் சோர்வு வந்தால், பாலைவனப் புழுதியில் இரண்டு நாள் இருந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அந்தத் தகவல் இல்லாவிட்டால் அது சாதாரண நிமோனியாவாகக் கருதப்பட்டு, பயனற்ற மருந்துகளில் வாரங்கள் கழிந்துவிடும்.